முப்பத்தெட்டுப் போலிகள்

மார்ச் 19, 2025

ஹட்டனில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. கணினியில் பாதி உயிர்தான் இருக்கிறது, என்னிடம் அதுவும் இல்லை. வீட்டுக்கார அம்மாக்கண்ணு அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஏன் புள்ள, நாள் பூரா பேஸ்புக்கு பாக்குறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

ஆமாம் அக்கா, அதற்குத்தான். மே ஆறாம் தேதி உள்ளூராட்சித் தேர்தல். மலையக வேட்பாளர்களின் பக்கங்களுக்குக் கீழே ஜனங்கள் எழுதுவதையெல்லாம் திரட்டி, எது மனிதர் எழுதியது, எது காசு கொடுத்து எழுதவைத்தது என்று கணினியைக் கொண்டு பிரிக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் ஆய்வு நிலையம் என்னை எடுத்ததே நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகளில், வளர்ந்த பிள்ளை என்பதால்தான். "எங்கட ஆக்களுக்கு உங்கட பேச்சு விளங்காது பிரியந்தி, நீர் இருந்தால்தான் சரி" என்றார் ஆய்வுக்குப் பொறுப்பான குகநேசன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசுவார். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

மார்ச் 24

மழை. தரவு இறங்கவில்லை. இரண்டு வேட்பாளர்கள் ஒரே கூரைத் தகட்டைத் தாங்கள்தான் கொடுத்ததாகச் சண்டை போடுகிறார்கள், அதை மட்டும் நாளெல்லாம் படித்தேன்.

மார்ச் 30

கிடைத்துவிட்டது! நான் எழுதிய நிரலுக்கு முதல் வேட்டை.

மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன். ஐந்து அடையாளம். ஒரே வாசகம், ஒரே நேரம், புதிதாகத் திறந்த கணக்கு, நண்பர்கள் இல்லை, சொந்த முகம் இல்லை. ஐந்தும் சேர்ந்தால் கணக்கு சிவப்பாகும். இன்று முப்பத்தெட்டுக் கணக்குகள் ஒரே கொத்தாகச் சிவந்து நின்றன. எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சில நிமிட இடைவெளியில், எல்லாக் கட்சி வேட்பாளர்களின் பக்கங்களிலும் அச்சடித்த மாதிரி ஒரே பத்தியை ஒட்டியிருக்கின்றன. முகத்துக்குப் பதில் ரோசாப்பூ, முருகன், ரோசாப்பூ.

ஆராய்ச்சி நெறிமுறைப்படி பெயரையும் ஊரையும் கொழும்பிலேயே அழித்துவிட்டுத்தான் எனக்கு அனுப்புகிறார்கள். அதனால் எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: "____ தோட்டம் கீழ் லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு. மழைக்கு முன்னுக்கு எங்கள வேற எடத்துக்கு மாத்தித் தாங்க. ஓட்டு கேக்க வாறவங்க மொதல்ல இத வந்து பாருங்க."

மறுபடியும் வாசித்தேன். நம்ம வீட்டுப் பேச்சு. சேரிடம் சொன்னேன். "அதுதான் பிரியந்தி, காசுக்கு எழுதிறவை இப்ப அப்பிடித்தான், அந்தந்த இடத்துப் பேச்சிலேயே எழுதுவினம். நல்ல வேலை செய்திருக்கிறீர்" என்றார். சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10

இடைக்கால அறிக்கை வெளியானது. எழுதியவர்களில் இரண்டாம் பெயர் என் பெயர்! 'மண்சரிவுப் பீதியைப் பரப்பும் போலிக் கணக்கு வலை' என்று ஒரு பத்திரிகை பெரிதாகப் போட்டிருக்கிறது. பேஸ்புக் நிறுவனத்துக்கு நாங்கள் அனுப்பிய முறைப்பாட்டின்படி முப்பத்தெட்டையும் நீக்கிவிட்டார்கள்.

பத்திரிகையை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். வருசப்பிறப்புக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 14

எப்படி எழுதுவது இதை.

காலை பஸ்ஸில் போய் றொசல்லையில் இறங்கி எங்கள் ஊசிமலைத் தோட்டத்துக்கு நடந்தேன். அம்மா பலகாரம் சுட்டு முடித்து, குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தது. சாமி கும்பிட்டோம். சாப்பிட்டோம். பத்திரிகையை எடுக்கலாம் என்று பையில் கை வைத்த நேரம் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ராசம்மா பெரியம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் மாதர் சங்கத் தலைவி பதவியை விடாதவர். கையில் போன்.

"புள்ள, நீ கம்பியூட்டரு படிச்சவதானே, இத கொஞ்சம் பாரு. பேஸ்புக்கு செத்துப்போச்சு. போன மாசம் தொறந்ததுலேருந்து டுபாயில இருக்குற மகன் அதுலதான் மூஞ்சி காட்டிப் பேசுவான். நாலு நாளா ஒண்ணும் இல்ல."

"என்னோடதும்தான்" என்றது அம்மா அடுப்படியிலிருந்து. "நம்ம கீழ் லயம் பூரா அப்பிடித்தான்."

அம்மா பேஸ்புக்கில் இருக்கிறதா? எனக்கே தெரியாது. "எப்பம்மா தொறந்த?" என்றேன். குரல் அப்போதே சரியில்லை.

பெரியம்மாதான் சொன்னார், பெருமையாக. தை மாதம் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. கை நுழைகிற அளவு பிளவு. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கரிடம் சொன்னார்கள், தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னார்கள், கிராம சேவகரிடம் சொன்னார்கள். யாரும் வரவில்லை. "இப்ப ஓட்டு கேக்குறவன்லாம் போனத்தான் பாக்குறான், நம்மள எங்க பாக்குறான்? அதான் மகஜரு எழுதுவமே, அந்த மாதிரி இதுலயே போட்ருவோம்னேன். நம்ம நிலக்ஷி இருக்கால்ல, எம்மருமக, அவதான் எழுதுனா. ஞாயித்துக்கெழம எல்லாரும் போன எடுத்துக்கிட்டு மேல வளைவுக்குப் போனோம். அங்கதானே சிக்னலு. எல்லாருக்கும் புதுசா அவளே தொறந்து குடுத்தா. ஒருத்தி எழுதுனத எல்லாரும் போட்டோம்."

"படம்..." என்றேன்.

"மூஞ்சியப் போட்டா தோட்டத்துத் தொர புடிச்சிருவான்ல? ரோசாப்பூ போட்டோம்." சிரித்தார். "சும்மா சொல்லக்கூடாது புள்ள, பலிச்சிருச்சி. இருவத்தொம்பதாந் தேதி மண்ணு பாக்குற ஆளுங்கள அனுப்புறோம்னு ஒரு வேட்பாளரோட ஆள் போன் பண்ணுனான்."

அந்த முப்பத்தெட்டும் இவர்கள்தான். ஒருத்தர் எழுத, லயமே கையெழுத்துப் போடும். குழாய்த் தண்ணீருக்கு, பாதைக்கு, சம்பளத்துக்கு, எல்லாவற்றுக்கும் இங்கே அப்படித்தானே. பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். நானே எத்தனை மகஜர் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! ஆளுக்கொரு வாசகம் எழுதினால்தான் இங்கே சந்தேகப்படுவார்கள், ஒற்றுமை இல்லை என்று. இது தெரியும் என்பதற்காகத்தானே எனக்குச் சம்பளம்?

நான் அந்த ஐந்து அடையாளத்தையும் எழுதினேனே, அது போலிக்கு அடையாளமா, எங்க லயத்துக்கு அடையாளமா?

பெரியம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "பாக்குறேன் பெரியம்மா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோழை. பத்திரிகையை வரும் வழியில் ஓடையில் போட்டேன்.

ஏப்ரல் 16

சேருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"உம்மட அம்மாவும் அதுக்குள்ளயோ?"

"ஆமா சேர்."

"ஐயோ." பிறகு, "முறை பிழை எண்டு சொல்லேலாது பிரியந்தி. வெளியிலயிருந்து பாத்தா அது அப்பிடித்தான் தெரியும்."

"ஆனா அவங்க மனுசங்க சேர்."

"விளங்குது. ஆனா தேர்தல் முடியுமட்டும் அறிக்கையில கை வைக்கேலாது. இப்ப மாத்தினா, ஆரோ வெருட்டி மாத்தினவை எண்டு மிச்ச அறிக்கையையும் தூக்கி எறிஞ்சிடுவினம். இறுதிப் பதிப்பில அடிக்குறிப்பொண்டு போடுவம்."

அடிக்குறிப்பு. என் அம்மா ஒரு அடிக்குறிப்பு.

ஏப்ரல் 20

ஞாயிறு. ஊசிமலைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மா, அம்மா, நிலக்ஷி மூவர் முன்னாலும். எப்படிச் சொன்னேன் என்றே நினைவில்லை. நடுவில் அழுதேன்.

பெரியம்மா முதலில் சிரித்தார். "அப்ப நாங்க பேயின்னு நீதான் எழுதுனியா? அடி வெளங்காதவளே!" பிறகு சிரிப்பு நின்றது. "சரி. எழுதுனவ நீதானே. அழிச்சி எழுதிரு."

"முடியலையே பெரியம்மா. கேட்டேன். மாட்டேங்குறாங்க."

"நீ எழுதுனத நீயே அழிக்க முடியாதா? அது என்னா எழுத்து?"

நிலக்ஷி எழுந்தாள். உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. அம்மாதான் என் தலையைத் தடவி, "ஒனக்குத் தெரிஞ்சா செஞ்ச" என்றது. அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைத் தெரியாதவள் என்று சொல்வதற்கா இவ்வளவு படிக்க வைத்தது?

ஏப்ரல் 22

நீக்கிய கணக்குகளை மீட்டுத்தரக் கோரி முப்பத்தெட்டுக்கும் முறையீடு எழுதினேன். நிலக்ஷி பேசவில்லையே தவிர, எல்லாருடைய விவரத்தையும் அனுப்பிவிட்டாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்பினேன். இதுவாவது பலிக்கட்டும், முருகா.

ஏப்ரல் 25

பதில் வந்துவிட்டது, மூன்றே நாளில். நிராகரிப்பு. காரணம்: முறையீடுகள் அனைத்தும் ஒரே வாசகத்தில், ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன.

பிரியந்தி, நீ ஒரு மாடு. ஒன்றை எழுதி முப்பத்தெட்டுக்கும் ஒட்டினாய். வேறு மாதிரிச் செய்ய உனக்குத் தோன்றவே இல்லை, பார்த்தாயா? நீயும் அந்த லயத்துக்காரிதான்.

ஏப்ரல் 29

மண் பார்க்கும் ஆட்கள் வரவில்லை.

மே 2

அம்மா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம், தோட்டத்தை நடத்தும் துரை பத்திரிகையோடு வந்தாராம். எல்லாரையும் நிற்க வைத்துக் காட்டினாராம். "இந்தா பாரு, மலை வெடிச்சது எல்லாம் பொய் மனுசன் போட்டது. கொழும்புல படிச்ச ஆள் கம்பியூட்டர்ல பாத்து சொல்லியிருக்கு. இனி யாராவது லயம் மாத்தணும்னு ஆபிசுக்கு வந்தா நான் பொலிசுக்குச் சொல்றது."

ராசம்மா பெரியம்மா பெரட்டுக் களத்துக்கே போய்த் துரையை வழிமறித்து, "பொய் மனுசியா நானு? தொட்டுப் பாருங்க" என்று கையை நீட்டினாராம். துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"நீ எழுதினதுன்னு தொரைக்குத் தெரியாது. நானும் சொல்லல" என்றது அம்மா.

அந்த வேட்பாளரின் ஆளுக்கு நான் போன் பண்ணினேன். "அது போலின்னு செய்தி வந்திருச்சே தங்கச்சி. நாங்க அந்தப் பக்கமே போகாம இருக்கிறதுதான் நல்லம்." நான் யார் என்று சொன்னேன், அறிக்கையை எழுதியவளே நான்தான் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. "நீங்களும் அந்த குரூப்பா?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது எனக்கு, பைத்தியக்காரி மாதிரித் தனியாகச் சிரித்தேன்.

மே 7

தேர்தல் முடிந்தது. மனிதர் எழுதியதை மட்டும் எண்ணி யார் வெல்வார் என்று நிலையம் செய்த கணிப்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறதாம், சேர் எல்லாருக்கும் நன்றி சொல்லி அனுப்பியிருந்தார்.

நேற்று ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தேன். வெடிப்பைப் பார்த்தேன். கை நுழைகிற அளவு இல்லை, கால் போகும் இப்போது.

மே 13

வேலை பார்க்க முடியவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. அடிக்குறிப்பு எப்போது வரும் என்று கேட்டு எழுதினேன், ஆலோசனைக் குழு கூட வேண்டுமாம்.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். பத்திரிகைக்கு நானே போயிருக்க வேண்டும், என் பெயரைப் போட்டு, பிழை என்று. ஏன் போகவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? படித்தவள் என்ற பெயர் போய்விடும் என்றா? இரண்டும்தான். இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியவில்லை.

மே 15

போனேன் பத்திரிகைக்கு. வரவேற்பில் இருந்த பெண், "தேர்தல்தான் முடிஞ்சிருச்சே" என்றாள். அந்தச் செய்தி பழசாகிவிட்டதாம். ஆசிரியருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 22

மழை பிடித்துவிட்டது. விடாத மழை. அம்மாவிடம் ஹட்டனுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "வேலைக்குப் போகலன்னா பேரு வெட்டிருவாங்க. இவ்ளோ பேர விட்டுட்டு நான் மட்டும் எப்பிடிடி வாறது?" பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் கட்டடத்தில், கொஞ்ச நாள் தங்க இடம் கேட்டிருக்கிறார்கள். ஆபிசில் சாவி தரவில்லை. பொய்க்கு எதற்குச் சாவி.

மே 28

மலை இறங்கிவிட்டது. அம்மா இருக்கிறது. பெரியம்மா இல்லை.

மே 31

இப்போதுதான் எழுத முடிகிறது.

பகல் பதினொரு மணிக்கு நடந்திருக்கிறது. மழை என்றாலும் கொழுந்து எடுக்க எல்லாரையும் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வேலைதான் காப்பாற்றியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். லயத்தில் இருந்தவர் ராசம்மா பெரியம்மா மட்டும், ஓய்வுபெற்றவர்தானே. சத்தம் கேட்டு மலையிலிருந்து எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது பின்வரிசைக் காம்பராக்கள் இருந்த இடத்தில் சேறு நின்றதாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். நிலக்ஷி என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் தோளில் விழுந்து, "அத்த சாகுற வரைக்கும் அந்தப் போன வச்சிக்கிட்டே இருந்திச்சிக்கா, நீ சரி பண்ணிருவேன்னு" என்றாள்.

ஐயோ பெரியம்மா. என்னாத்துக்கு என்ன நம்புன? நான்தான் ஒன்ன இல்லன்னு எழுதினேனே. இருக்குற ஆள இல்லன்னு எழுதினேனே.

டுபாயிலிருந்து மகனால் வர முடியவில்லை. யாரோ ஒருவரின் போனில் அடக்கத்தைக் காட்டினார்கள்.

ஜூன் 3

சேர் போன் பண்ணினார். குரலே மாறியிருந்தது. "எனக்கு நித்திரையில்லை பிரியந்தி. திருத்தம் இண்டைக்கே போடுறம். ஆர் என்ன சொன்னாலும் சரி. உம்மட பேரை எடுக்கச் சொன்னாலும் எடுக்கிறன்."

வேண்டாம் சேர், பெயர் இருக்கட்டும் என்றேன். செய்தது நான், பெயர் மட்டும் ஏன் ஓடி ஒளிய வேண்டும்? அவர் மீது கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் பேஸ்புக்கைத் திறந்தேன். எல்லாக் கட்சிக்காரரும் அனுதாபம் தெரிவித்திருக்கிறார்கள். 'ஊசிமலை மண்சரிவில் உயிரிழந்த தாய்க்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.' ஆதரவாளர்கள் அதையே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துப் பிழைகூட மாறவில்லை. நூற்றுக்கணக்கில்.

சும்மா இருக்க முடியாமல் அதையெல்லாம் என் நிரலில் போட்டு ஓட்டினேன். பழைய கணக்குகள், ஆயிரக்கணக்கில் நண்பர்கள், சிரித்த முகங்கள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. எல்லாரும் மனிதர்கள்.

நிரலை மூடிவிட்டு வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினேன்.

ஜூன் 12

பத்து நாளாகப் பள்ளிக்கூட மண்டபத்தில் இவர்களோடுதான் இருக்கிறேன். பன்னிரண்டு குடும்பம், ஈரச் சேலைகள், பிள்ளைகளின் இருமல். அம்மா பெஞ்சில் படுக்கிறது, நான் கீழே.

வீடு வேண்டுமென்றால் ஒவ்வொரு குடும்பமும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்று காலை ஓர் உத்தியோகத்தர் சொல்லிவிட்டுப் போனார். நடந்ததை விவரமாக எழுத வேண்டுமாம். எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "ஒண்ணு எழுது புள்ள, எல்லாருக்கும் அதையே போட்ருவோம்" என்றார் நல்லமுத்து மாமா.

"இல்ல மாமா. தனித்தனியா எழுதுறேன்."

முதலில் வரைவாகத் தாளில் எழுதினேன். ஒருவருக்கு 'மலை சரிந்தது' என்று. அடுத்தவருக்கு 'மண்மேடு இறங்கியது'. அதற்கடுத்து 'பின்சுவரைச் சேறு தள்ளியது'. ஒருவருக்குத் தொடக்கத்தில் மழை, இன்னொருவருக்கு முடிவில் மழை. ஒருவருக்கு 'எங்கள் ராசம்மா', அடுத்தவருக்கு 'அயலில் வசித்த மூதாட்டி'. எந்த இரண்டும் ஒத்திருக்கக் கூடாது. ஒத்திருந்தால் என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மத்தியானம் வரை நிலக்ஷி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டாள். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாக அம்மாவின் முறை. அம்மா மற்றவர்களுடையதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டபடியே இருந்திருக்கிறது.

"ஏன்டி ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுற? நம்ம எல்லாருக்கும் நடந்தது ஒண்ணுதானே?"

அம்மாவின் தாளில் ஒருமுறை, இருமுறை தொடங்கி அடித்தேன். பதினொரு பேருக்குக் கொடுத்தபின் அம்மாவுக்கு என்னிடம் வேறு சொல் மிச்சமில்லை.